பட்டியலில் இல்லாத வேகம்

சுனாமிக்குப் பிறகு என் மனைவி பேசிய முதல் முழு வாக்கியம் ஒரு பழைய மடிக்கணினியைப் பற்றியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் கிரானில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவன். டிப்ளோமா முடித்துவிட்டு மட்டக்களப்பு டவுனில், வாவியைப் பார்த்த தெரு ஒன்றில், ரேடியோ, டிவி, கொம்பியூட்டர் திருத்துகிற கடை போட்டிருந்தேன். கல்யாணம் கட்டியதும் எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவியின் வீட்டுக்கு, தேற்றாத்தீவுக்குக் குடிபோனேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். பல்கலைக்கழகத்தில் கணிதத்தோடு கணினியும் படித்தவள். வீட்டில் மாமாவும் மாமியும் நாங்கள் இருவரும். மாமா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். சாப்பிடும்போதுகூட அவரும் மகளும் ஏதாவது ஒரு கணக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். நானும் மாமியும் மீன்முள்ளை எடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்போம். நான் நடுவில் ஏதாவது சொன்னால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி மரியாதையாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. என் சுபாவம் அப்போதே அப்படித்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கிரானில் இருந்தேன். வயல் வட்டைக்குள் வெள்ளம் கூடிவிட்டதென்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தபோது, கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம் என்று வீதியில் யாரோ கத்திக்கொண்டு போனார்கள். எனக்கு அது விளங்கவில்லை. மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வழியெல்லாம் சனம் எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தது. தேற்றாத்தீவை அடைந்தபோது பின்னேரமாகிவிட்டது. எங்கள் வீடு நின்றது. குசினிச் சுவர் விழுந்திருந்தது. மனைவியும் மாமியும் பெரிய வீதிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மாமா இல்லை.

மாமா வழக்கம்போலக் கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தார். காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்காக மனைவி அவரைத் தேடிப் போயிருக்கிறாள். அவர் தூரத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் தண்ணீர் எழும்பியது. அவள் கத்தியிருக்கிறாள். அவர் திரும்பி அவளைப் பார்த்துக் கையைக் காட்டினாராம், வாறன் என்பதுபோல. இதை எனக்குச் சொன்னது அவளை இழுத்துக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு அக்கா. மாமாவின் உடல் கிடைக்கவேயில்லை.

அதற்குப் பிறகு அவள் பேச்சு நின்றுபோனது. கேட்டால் "ஓம்", "இல்ல", "வைங்க". அவ்வளவுதான். மாமி அழுதாள், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். மனைவி அழவுமில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். வாவிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிரானுக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்மாவுடன் விட்டேன். டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். பொறுமையாக இருக்கச் சொன்னார். நான் பொறுமையாக இருந்தேன். தினமும் கடையில் நடந்ததையெல்லாம் வந்து சொல்வேன். சுவரோடு பேசுவதுபோல இருக்கும். ஆனாலும் சொல்வேன்.

அந்தக் காலத்தில்தான் டவுனில் இருந்த ஒரு நிவாரண அலுவலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து பழைய மடிக்கணினிகள் வந்து இறங்கின. யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்தவை. இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். திருத்துகிற வேலை எனக்குக் கிடைத்தது. அவற்றில் பாதி சரியாக இருந்தன. மற்றப் பாதி திடீர் திடீரென்று உறைந்துபோயின. திரையில் எல்லாம் அப்படியே நிற்கும், எந்தப் பொத்தானுக்கும் அசையாது. அலுவலகத்துப் பிள்ளைகள் இருந்து தட்டியதெல்லாம் போய்விடும். நான் மெமரியை மாற்றினேன். விசிறியைக் கழற்றித் துடைத்தேன். புரோசசருக்குப் புதிதாகப் பசை பூசினேன். உப்புக் காற்றுத்தான் காரணம் என்று எல்லோருக்கும் சொன்னேன், நானும் நம்பினேன்.

ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தை மேசையில் வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். மனைவி எதிரே நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கணினி ஓடிக்கொண்டிருந்தது. மாமி கூப்பிட்டாள் என்று தேத்தண்ணி குடிக்க உள்ளே போய்விட்டு வந்து பார்த்தால் உறைந்திருந்தது. திரும்பப் போட்டேன். வேலை செய்தது. வெளியே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தேன். மறுபடியும் அப்படியே. நான் தூஷணத்தில் ஏதோ முணுமுணுத்தேன்.

அப்போதுதான் மனைவி சொன்னாள். "இது வேலை செய்யிற நேரம் சாகல்ல. சும்மா விட்டாத்தான் சாகுது."

குசினியிலிருந்து மாமி அகப்பையோடு ஓடிவந்தாள். மாமியும் நானும் மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் மீன் கையைக் கழுவிவிட்டு வந்து என்னைத் தள்ளிவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

எனக்குச் சந்தோஷம் வந்தது. மாமி கண்ணைத் துடைத்தாள், நானும் துடைத்தேன். ஆனால் அன்று பின்னேரமே எனக்குள் வேறொன்றும் முளைத்துவிட்டது. இத்தனை மாதமாக நான் பேசிக்கொண்டிருந்தேன். பதில் வாங்கியது இந்தப் பெட்டி.

அன்றிலிருந்து அந்தக் கணினி அவளுடையதாகிவிட்டது. நான் கடையிலிருந்து வந்தால் அவள் அதற்கு முன்னால் இருப்பாள். இயங்குதளத்தின் நடுவில், எல்லாவற்றையும் ஆளுகிற பகுதியைக் கேர்னல் என்பார்கள். அதை எழுதிய வரிகளெல்லாம் யாரும் வாசிக்கத் திறந்தே கிடந்தன. அவள் அவற்றை வாசித்தாள், கதைப் புத்தகம் வாசிப்பதுபோல. சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

ஒருநாள் எனக்கு விளக்கினாள்.

"இஞ்சேருங்க, இந்தப் புரோசசர் எப்பயும் ஒரே வேகத்தில ஓடல்ல. வேலை கூடினாக் கூடிய வேகம், குறைஞ்சாக் குறைஞ்ச வேகம். எந்தெந்த வேகத்தில ஓடலாம் எண்டு ஒரு அட்டவணை இரிக்கி. ஒவ்வொரு வேகத்திலயும் எவ்வளவு நேரம் நிண்டது எண்டு கேர்னல் கணக்கு வைக்குது."

"என்னத்துக்கு அந்தக் கணக்கு?"

"பெட்றி எப்புடிப் போகுது, சூடு எப்புடி எண்டெல்லாம் பாக்கத்தான். அது கிடக்கட்டும். இப்ப இந்த லெப்டொப் எழும்பக்குள்ள அட்டவணையில இல்லாத ஒரு வேகத்தில எழும்புது. கேர்னல் அட்டவணையில தேடுது. இல்ல. இல்லாட்டி என்ன மறுமொழி வரும் தெரியுமா? சய ஒண்டு."

"சய ஒண்டு எண்டா?"

"மைனஸ் ஒண்டு. இல்ல எண்டுறதுக்கு அடையாளம். ஆனா எழுதினவர் அதப் பாக்காம விட்டிட்டார். சய ஒண்டாம் வரிசை எண்டு எடுத்து அங்க எழுதுது. அட்டவணையில அப்புடி ஒரு வரிசை எங்க இரிக்கி? அட்டவணைக்கு முன்னால கிடக்கிற வேற ஆற்றையோ இடத்தில போய் எழுதுது. அவ்வளவுதான், எல்லாம் குழம்புது. முதல்தரம் வேகம் மாறுற நேரம்தான் இது நடக்கும். சும்மா விட்டா வேகம் குறையும், அதுதான் அப்ப நிக்கிது."

அவள் கண்கள் பளபளத்தன. அந்தப் பளபளப்பை நான் முன்பு மாமாவோடு கணக்குப் போடும்போது மட்டும்தான் கண்டிருந்தேன். எனக்கு அது விளங்கியது. விளங்கியதாகக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. "ஆ, அப்புடியா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.

அலுவலகத்துக் கணினிகளில் அந்தக் கணக்கு வைக்கிற பகுதியையே அவள் நிறுத்திவிட்டாள். உறைவது நின்றது. அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டு வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அதோடு பிரச்சினை முடிந்தது. அவளுக்கு முடியவில்லை.

"நிப்பாட்டினது திருத்தினதாகாது" என்றாள். "உலகத்தில எத்தின பேர்ர கொம்பியூட்டரில இந்தப் பிழை இரிக்குமோ."

கேர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் உண்டு. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள். இந்த வேகக் கணக்கின் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவள் ஒரு திருத்தம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினாள். வீட்டில் இணைய இணைப்புக் கிடையாது. என் கடைத் தொலைபேசி வயரில்தான், மொடம் கீச்சிட்டுக் கத்தி, அவள் கடிதம் போனது. அனுப்பிய மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் நேரே கடைக்கு வருவாள். முன்பெல்லாம் நான் கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

பதில் வந்தது. அவள் வாய்விட்டு வாசித்தாள். முதல் வரியில் அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் பொருள் இதுதான்: நன்றாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

அதை அவள் இரண்டாம் தரமும் வாசித்தாள். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. நான் ஒரு டிவியின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அந்தச் சொற்களை நான் அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கேயோ இருக்கிற, முகம் தெரியாத ஒருவன் முந்திக்கொண்டுவிட்டான். அந்த ஆளை எனக்கு அந்த நிமிடமே பிடிக்காமல் போய்விட்டது.

ஆனால் அவர் அவளுடைய திருத்தத்தை ஏற்கவில்லை. அட்டவணையில் இல்லாத வேகம் வந்தால், அதற்குக் கிட்டிய வேகத்தின் கணக்கில் அந்த நேரத்தைச் சேர்க்கும்படி அவள் எழுதியிருந்தாள். தெரியாததைத் தெரிந்தது என்று எழுதக்கூடாது, அது பொய்க் கணக்கு, எண்ணாமல் விட்டுவிடுவதுதான் சரி என்று அவர் எழுதியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இனி இவள் கோபித்துக்கொண்டு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"சரிதானே அவர் சொல்றது" என்றாள் சிரித்துக்கொண்டு. "நான்தான் யோசிக்கல்ல."

நான் அவளுடைய கறியில் உப்புக் கூடிவிட்டது என்று சொன்னால் அன்று முழுக்க முகம் கொடுக்கமாட்டாள். அந்த ஆள் பிழை என்று சொன்னால் சிரிக்கிறாள்.

இப்படியே கடிதங்கள் போய்வந்தன. எப்போதும் வேலையைப் பற்றியதுதான். என்னிடமிருந்து ஒளிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. திரையைத் திறந்தபடியே விட்டுவிட்டுத்தான் போவாள். நான் ஒவ்வொன்றையும் வாசித்தேன். ஒரே ஒரு கடிதத்தில் மட்டும், இங்கே பனி கொட்டுகிறது, மின்சாரம் போய்ப் போய் வருகிறது, அதனால் பதில் பிந்திவிட்டது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் அவளைவிட அதிகம் தடவை வாசித்திருப்பேன். அவள் அதற்கு என்ன எழுதினாள் என்றும் பார்த்தேன். இங்கேயும் மின்சாரம் போகிறது, ஆனால் பனி இல்லை என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவும் எனக்குத் தாங்கவில்லை. என்னுடைய கடையில் மின்சாரம் போவதை என்னிடம் வந்து அவள் சொன்னதில்லையே.

பிறகு எங்கள் பக்கத்தில் சண்டை மூண்டது. வாகரையிலிருந்து சனம் சனமாக இடம்பெயர்ந்து வந்து முகாம்களில் இறங்கியது. சுனாமியில் எல்லாம் இழந்து, மறுபடி கூரை போட்டவர்கள் அதையும் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அலுவலகத்தில் மனைவிக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாகப் போவாள். வந்து, களைப்பில் வாங்கில் சாய்ந்தபடி, பிரிண்ட் எடுத்த கேர்னல் வரிகளில் பென்சிலால் கோடு போடுவாள். அதுதான் அவளுக்கு இளைப்பாறல். நான் தோளைப் பிடித்துவிடட்டுமா என்று கேட்டால், "கொஞ்சம் பொறுங்க" என்பாள்.

ஒருநாள் பின்னேரம் அவளை ஏற்றிக்கொண்டு டவுனிலிருந்து வீட்டுக்குப் போனேன். வழியில் ஆமிக்காரரின் சோதனை. எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். அவளுடைய பையைத் திறந்த சிப்பாய் அந்தத் தாள்களை இழுத்தெடுத்தான். புரட்டினான். ஆங்கிலம். இடையிடையே பென்சில் கோடுகள். எங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோனான்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி ஒருவர் வந்தார். நடுத்தர வயது, மூக்குக் கண்ணாடி. தாளில் ஓரிடத்தில் விரலை வைத்திருந்தார்.

"இது என்ன? கேர்னல் பனிக். எந்தக் கேர்னல்?"

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கேர்னல் என்று காதில் விழுந்தால் கேணல் என்கிற படைப் பதவி மட்டும்தான். கணினி தன்னால் மீளமுடியாமல் நின்றுபோனால் அதற்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல்தான் என்பதை இந்த மனிதருக்கு யார், எப்படி விளக்குவது?

மனைவி விளக்கினாள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, அவசரமில்லாமல், பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் சொன்னாள். "இது ஆள் இல்ல சேர். கொம்பியூட்டருக்குள்ள இரிக்கிற புரோகிராம். எழுத்து வேற. பாருங்க."

அவர் எழுத்தைப் பார்த்தார். அடுத்த தாளைப் புரட்டினார். அதில் கடிதப் போக்குவரத்து இருந்தது.

"இந்த ஆள் யாரு? வெளிநாடு. என்ன தொடர்பு?"

"இந்தப் பகுதியப் பாக்கிறவர் சேர். நான் பிழை ஒண்டு கண்டுபிடிச்சு எழுதினன். அவர் மறுமொழி போடுறார்."

"முன்னால பாத்தது?"

"இல்ல."

"போன்ல பேசுறது?"

"இல்ல சேர். ஒருநாளும் பேசல்ல."

இவ்வளவு காலமும் நான் கேட்க நினைத்து வாய்க்குள் வைத்திருந்த கேள்விகளெல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தன. துவக்குப் பிடித்த சிப்பாய் ஒருவன் பக்கத்தில் நிற்க, அந்நியன் ஒருவன் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவளுடைய பதில்களை அவரைவிட நான்தான் கூர்ந்து கேட்டேன்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "நீ புருசன்தானே? உனக்கு இந்த ஆளத் தெரியுமா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"தெரியும் சேர்" என்றேன். "எல்லாக் கடிதமும் நான் வாசிச்சிருக்கிறன். என்ர கடையில இருந்துதான் போறது. நல்ல மனிசன். வேலையத் தவிர வேற ஒண்டும் எழுதமாட்டார்."

"நல்ல மனிசன் எண்டு எப்படித் தெரியும்?"

"பொய்க் கணக்கு எழுத வேணாம் எண்டு சொன்னவர் சேர்."

அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எங்கள் அடையாள அட்டைகளை வாங்கி எழுதிக்கொண்டார். நெடுநேரம் காக்கவைத்தார்கள். கடைசியில் அட்டைகளைத் திருப்பித் தந்து போகச் சொன்னார்கள். தாள்களைத் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பாதித் தூரம் போனோம். அவள் என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் மோட்டர் சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன்.

"எனக்கு அந்த ஆளில பொறாமையா இரிக்கி புள்ள" என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த ஆளில? ஆமிக்காரனிலயா?"

"பனி கொட்டுற ஆளில."

அவள் இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவர் என்னட்ட என்ன கேக்கிறார் தெரியுமா? ஏன் எண்டு கேக்கிறார். ஏன் அந்த வேகத்தில எழும்புது, ஏன் எல்லா லெப்டொப்பிலயும் வரல்ல எண்டு. நீங்க ஒருநாளாவது கேட்டீங்களா? கழட்டிப் பூட்டினீங்க. என்னையும் அப்புடித்தான். டாக்டரிட்டக் கொண்டுபோனீங்க, கிரானுக்குக் கொண்டுபோனீங்க. அப்பா கையக் காட்டினாரே, அந்த நேரம் நான் என்ன நினைச்சன் எண்டு கேட்டீங்களா?"

நான் கேட்டிருக்கவில்லை. கேட்டால் உடைந்துபோவாள் என்று பயந்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"இப்ப கேளுங்க" என்றாள்.

கேட்டேன். வீதியோரத்தில் நின்றபடியே அவள் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. இருட்டுவதற்கு முன் வீடு போய்ச் சேர வேண்டியிருந்ததால் மிச்சத்தை ஓடுகிற மோட்டர் சைக்கிளில், என் காதுக்குப் பக்கத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு என் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்க் கணக்குத்தான். போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஏன் எல்லாவற்றிலும் வரவில்லை என்று அந்த ஆள் கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கவில்லை. கடையில் ஒரு மடிக்கணினி பழைய நிலையிலேயே கிடந்தது. நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த முறை ஸ்குரூ ட்ரைவரைத் தொடவில்லை. போடுவதும் அணைப்பதும், அது என்ன வேகத்தில் எழும்புகிறது என்று பார்ப்பதுமாக இருந்தேன். சில நேரம் அட்டவணையில் உள்ள வேகம் வந்தது, சில நேரம் இல்லாத வேகம். பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது.

மின்வெட்டுத்தான் எனக்கு வழி காட்டியது. மின்சாரம் போன நேரங்களில் பெட்றியில் போட்டால் அது ஒழுங்காக எழும்பியது. வயரைச் செருகி, சுவர் மின்சாரத்தில் போட்டால் மட்டும்தான் அட்டவணைக்கு வெளியே குதித்தது. அவள் அந்தப் பகுதியை நிறுத்துவதற்கு முன் அலுவலகத்தில் உறையாதிருந்த கணினிகள் எவையென்று யோசித்துப் பார்த்தேன். சுனாமி முகாம்களுக்குக் கொண்டுபோய்ப் பெட்றியிலேயே போட்டவைதான் பெரும்பாலும். வேறு ஏதும் இருக்குமோ என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னேன்.

அவள் தானே ஒருமுறை செய்து பார்த்தாள். வயரைச் செருகி, பிடுங்கி, மறுபடி செருகி. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாக் கண்டுபிடிச்சிரிக்கீங்க" என்றாள்.

நான் வேறு பக்கம் திரும்பி ஒரு வயரைச் சுற்றினேன். அவள் உடனே மொடத்தைப் போட்டு அந்த ஆளுக்கு எழுத உட்கார்ந்ததும் பழைய பொறாமை திரும்பி வந்தது. என்னிடம் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் அவரிடம் சொல்ல வேண்டும். எட்டிப் பார்த்தேன். இதைக் கண்டுபிடித்தது என் கணவர், கணினிகளைத் திருத்துபவர் என்று எழுதிக்கொண்டிருந்தாள். பதிலில் அவர், உங்கள் கணவருக்கு என் நன்றி, இதுதான் எனக்குத் தேவைப்பட்டது என்று போட்டிருந்தார். எனக்கு அந்த ஆளின் நன்றி வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மாமியைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன்.

மனைவி திருத்தத்தைத் திரும்ப எழுதினாள். பழைய வேகமோ புதிய வேகமோ அட்டவணையில் இல்லையென்றால் எண்ணாமல் திரும்பிவிட வேண்டும், வேறு இடத்தில் எழுதக்கூடாது. என் கடைக் கணினியில் அதைப் போட்டு, சுவர் மின்சாரத்தில் எழுப்பி, சும்மா விட்டுவிட்டு, இருவரும் வெளியே போய் வாவிப் பக்கம் நின்று தேத்தண்ணி குடித்தோம். திரும்பி வந்தபோது அது உயிரோடு இருந்தது.

திருத்தத்தை அனுப்பினாள். அது கேர்னலில் சேர்வதற்குள் அந்த ஆள் ஒரு கடிதம் போட்டார். வேறு வேலைக்குப் போகிறேன், இனி இந்தப் பகுதியை வேறொருவர் பார்ப்பார், உங்கள் திருத்தத்தை அவரிடம் சொல்லியிருக்கிறேன், உங்களோடு வேலை செய்தது மகிழ்ச்சி என்று. மனைவி அன்று பேசாமல் இருந்தாள். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் குதிக்கவில்லை. அவள் மறுபடி பழைய மாதிரி மௌனமாகிவிடுவாளோ என்ற பயம் வந்து சந்தோஷத்தை மூடிவிட்டது.

"கவலையா?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள். "நல்லாப் படிப்பிச்சார்."

புதியவரிடமிருந்து பதிலே வரவில்லை. அவள் நினைவூட்டி எழுதினாள். மறுபடி எழுதினாள். எங்கள் பக்கத்தில் சண்டை ஓய்ந்து வடக்கே போயிற்று. வாகரைச் சனம் திரும்பிப் போனது. அலுவலகம் சிறிதாகி, பிறகு மூடப்பட்டது. அவள் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினாள். கடைசியில் யுத்தம் முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். டவுனில் சில இடங்களில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வெளியே வரவில்லை. மாமி விளக்கேற்றிவைத்தாள்.

அந்தக் கிழமைதான் புதியவரின் கடிதம் வந்தது. பிழை திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் அவளுடைய வரிகளை அவர் எடுக்கவில்லை. அதே யோசனையைத் தானே இன்னும் சுருக்கமாக எழுதி, தன் பெயரில் சேர்த்துவிட்டார். அடியில், பிழையை அறிவித்தவர் என்று அவளுடைய பெயரும், சோதித்தவர் என்று என்னுடைய பெயரும் இருந்தன. என் பெயரைச் சோதித்தவராக அவள்தான் முன்பே எழுதி அனுப்பியிருந்தாள், எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இவ்வளவு காலம் இரிந்து நீ செஞ்சது! அவர் எடுத்துப் போட்டுக்கிட்டாரா? எழுது புள்ள. பழைய ஆளுக்கு எழுது. அவர் கேப்பார்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று தெரிந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுனாமிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. மாமி என்ன என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அவர் எழுதினது என்ரதவிட நல்லா இரிக்கி" என்றாள் சிரிப்பு அடங்கியதும். "மூண்டு வரி. நான் நீட்டி எழுதியிருந்தன். இனி அது நிக்காதுதானே. அது போதும்."

எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. அவளுக்குரியது அது என்றுதான் நினைக்கிறேன். அவளோ அதற்குப் பிறகு வேறு பிழைகளைப் பிடித்தாள், அவற்றில் சில அவளுடைய பெயரிலேயே சேர்ந்தன, இப்போது அதுவே அவளுக்கு வேலையாகிவிட்டது. வீட்டிலிருந்தே செய்கிறாள். வேறு வேறு நாட்டு ஆண்களும் பெண்களும் அவளுக்கு எழுதுகிறார்கள். யாராவது அவளைப் புகழ்ந்து எழுதினால் நான் இன்னும் எட்டிப் பார்க்கிறேன். அவளுக்கு அது தெரியும், கதிரையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு இடம் விடுகிறாள்.

பனி கொட்டுகிற நாட்டுக்காரர் எந்த நாட்டவர், என்ன வயது என்று நான் அவளிடம் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.